முந்நூறு கோப்புகளுக்கு ஒரே தடவையில் பெயர் மாற்றுவது: காதால் கேட்டுச் செய்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"கன கோப்புக்கு ஒரேயடியாப் பேர் மாத்த ஒரு சொப்ட்வெயார் சொல்லுங்கோ, என்விடிஏயோட வேலை செய்யவேணும்." என்விடிஏ என்பது திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் ஒரு திரை வாசிப்பான். இப்படி ஒருவர் கேட்டால் அடுத்த நிமிடமே நாலு மென்பொருட்களின் பெயர் வந்து விழும். சொல்பவர்களில் பெரும்பாலானோர் கண்ணால் பார்த்துப் பாவித்துவிட்டு "ஈசியானது" என்று சொல்பவர்கள். கேட்டவருக்கு வேண்டியது ஈசியானது அல்ல. திரையைப் பார்க்காமல், சுட்டியைத் தொடாமல், நடப்பதை நடந்தபடி காதால் கேட்டுச் செய்யக்கூடியது எது என்பதுதான் அவருடைய கேள்வி.

இலகுவானது, இலவசமானது, அணுகத்தக்கது ஆகிய மூன்றும் வேறு வேறு குணங்கள். மூன்றையும் ஒரே சொல்லாகப் போட்டுக் கதைப்பதால்தான் விழிப்புலனற்ற ஒருவர் நாலு மென்பொருளை இறக்கி, நாலையும் அழித்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு கோப்பாகக் கையாலேயே பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒரு கருவி அணுகத்தக்கதா என்று அறிய, பெயர் மாற்றும்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர் வேறு, கோப்பு வேறு

ஊர் வாசிகசாலையில் ஒரு புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. அதன் பெயரும் இருக்கும் இடமும் மேசையிலுள்ள பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கின்றன. பதிவேட்டில் பெயரை வெட்டித் திருத்தினால் புத்தகத்தின் ஒரு தாளும் அசையாது. கணினியில் பெயர் மாற்றுவதும் அப்படித்தான். வட்டுக்குள் ஒரு பதிவேடு உண்டு. அதில் ஒரு வரி மாறுகிறது. அதனால்தான் ஒரு சின்னக் குறிப்புக்கும் எட்டு ஜிபி கலியாண வீடியோவுக்கும் பெயர் மாற்ற ஒரே நேரம்தான் எடுக்கும்.

கோப்பை அதே வட்டின் இன்னொரு கோப்புறைக்கு நகர்த்துவதும் பதிவேட்டு வேலைதான். பென் டிரைவுக்கு நகர்த்துவது அப்படியல்ல. அது புத்தகத்தை அடுத்த ஊர் வாசிகசாலைக்குச் சைக்கிளில் கொண்டுபோவது மாதிரி: முதலில் முழுதாகப் பிரதி எடுத்து, பிறகு பழையதை அழிக்கவேண்டும். நேரம் எடுக்கும், நடுவில் பென் டிரைவைக் கழற்றினால் பிழைக்கும். ஆகவே பெயர் மாற்றும் வேலையைக் கணினியின் வட்டிலேயே முடித்துவிட்டுப் பிறகு பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கள்.

பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நாலு எழுத்தை நீட்சி என்போம். ஜேபிஜி, பிடிஎப், எம்பி3 எல்லாம் நீட்சிகள். எந்த மென்பொருளால் கோப்பைத் திறப்பது என்று விண்டோஸ் இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. நீட்சியை மாற்றினால் கோப்பும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தேங்காயெண்ணெய்ப் போத்தலில் நல்லெண்ணெய் என்று துண்டு ஒட்டினால் உள்ளே இருப்பது நல்லெண்ணெய் ஆகிவிடாது. விண்டோஸ் வழமையாக நீட்சியை மறைத்தே வைத்திருக்கும் என்பது இன்னொரு தொல்லை. மறைந்திருப்பது தெரியாமல் பெயரோடு ஜேபிஜி என்று தட்டினால், கோப்பின் முழுப்பெயர் ஜேபிஜி புள்ளி ஜேபிஜி என்று இரட்டித்து நிற்கும். வேறு எதற்கும் முன்னர் கோப்பு எக்ஸ்புளோரரின் பார்வை மெனுவில் நீட்சிகளைக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை: பெயர் மாற்றுவது பதிவேட்டு வேலை, கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாது. நீட்சி என்பது துண்டு மட்டும்தான், ஆனால் துண்டு பிழைத்தால் கோப்பு திறக்காது.

முத்திரை குத்துகிற வேலை

நானூறு கலியாணக் கார்ட்டின் உறையிலும் அனுப்புநர் விலாசத்தைக் கையால் எழுதலாம். முத்திரை ஒன்று செய்து அடுக்கடுக்காகக் குத்தியும் முடிக்கலாம். பல கோப்புகளுக்கு ஒரு விதியைச் சொல்லி ஒரே தடவையில் மாற்றுவதைத் தொகுதிச் செயல் என்கிறோம். விதி என்பது முத்திரை. "ஒவ்வொன்றின் முன்னாலும் இந்தச் சொல்லைச் சேர்", "இந்தச் சொல் வருமிடத்தில் அந்தச் சொல்லை வை", "001 தொடங்கி இலக்கமிடு" என்பவை போன்றது.

முத்திரைக்குக் கண் கிடையாது. உறை அடுக்குக்குள் மின்சாரப் பில் ஒன்று தவறிக் கிடந்தால் அதிலும் குத்திவிடும். ஆகவே எந்தத் தொகுதிச் செயலிலும் மூன்று கட்டம் இருக்கிறது: எந்தெந்தக் கோப்பு என்று தெரிவது, என்ன விதி என்று சொல்வது, குத்துமுன் என்ன நடக்கப்போகிறது என்று சரிபார்ப்பது. மூன்றாவதை முன்னோட்டம் என்போம். பார்வையுள்ளவர் முன்னோட்டத்தை ஒரு கண்ணோட்டத்தில் முடித்துவிடுவார். காதால் செய்பவருக்கு முழு வில்லங்கமும் அங்கேதான்.

தெரிவும் அவ்வளவு சும்மா விடயமல்ல. கன்ட்ரோல்-ஏ தட்டினால் கோப்புறையிலுள்ள எல்லாம் தெரிவாகும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியால் நகர்ந்தால் தொடர்ச்சியாக உள்ளவை தெரிவாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிய, கன்ட்ரோலைப் பிடித்தபடி அம்புக்குறியால் நகர்ந்து, வேண்டியதில் கன்ட்ரோலோடு இடைவெளி விசை. தெரிந்து முடிந்ததும் எத்தனை தெரிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்: என்விடிஏயில் என்விடிஏ விசையோடு என்ட் விசை தட்டினால் நிலைப்பட்டையை வாசிக்கும். மடிக்கணினி அமைப்பில் ஷிஃப்ட்டும் சேர்க்கவேண்டும். 25 என்று எதிர்பார்த்த இடத்தில் 26 என்று கேட்டால், முத்திரையைக் கையில் எடுக்கவேண்டாம்.

மூன்றாம் திருவிழாவுக்கு முன் தேர் ஓடிவிடும்

இலக்கமிடும் விதியில் எல்லாரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் மகோற்சவம் 25 நாள். படங்களை நாள்-1, நாள்-2 என்று கோப்புறைகளில் போட்டு வைத்தால், வெறும் எழுத்து வரிசையில் அடுக்கும் ஒரு கருவி அவற்றை எப்படி அடுக்கும் தெரியுமா? முதலில் 1, அடுத்து 10, 11 என்று 19 வரை, பிறகுதான் 2, அதற்குப் பின் 20, 21... 25, கடைசியில் 3 தொடக்கம் 9 வரை. கொடியேற்றம் முடிந்த கையோடு பத்தாம் திருவிழாவான மஞ்சம் வரும், தேரும் தீர்த்தமும் முடிந்த பிறகு மூன்றாம் திருவிழா தொடங்கும்.

எக்ஸ்புளோரர் இலக்கத்தை இலக்கமாகவே எண்ணி அடுக்குவதால் அங்கே இது தெரியாது. அதே கோப்புகளைத் தொலைக்காட்சியில் பென் டிரைவால் போட்டால் அல்லது கட்டளைகளை எழுத்தால் தட்டி வேலை வாங்கும் கட்டளைத் திரையில் பட்டியலிட்டால் குழம்பும். பரிகாரம் சிறியது: 01, 02, 03 என்று முன்னால் பூச்சியம் போடுங்கள். நூற்றுக்கு மேல் போகுமென்றால் 001. திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள், 2024-08-09 மாதிரி. நாங்கள் வழமையாக எழுதும் 09/08/2024 கோப்புப் பெயரில் செல்லவே செல்லாது. சாய்கோடு விலக்கப்பட்ட குறி. இரண்டு சாய்கோடுகள், முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது, பெரியது, நிலைக்கோடு என்று விண்டோஸில் ஒன்பது குறிகள் பெயருக்குள் வரமுடியாது.

இன்னொரு விடயம். வட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயருக்குள் 20240809 என்று ஒரு திகதி இருக்கும். வட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது, கமெரா உள்ளே எழுதி வைத்த எடுத்த திகதியை நீக்கிவிடுகிறது. ஆகவே அந்தப் பெயரில் உள்ள இலக்கம்தான் பெரும்பாலும் மிச்சமிருக்கும் தடயம். "அழகில்லை" என்று வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு தேடினால் கிடைக்காது. கமெராக்களும் 9999க்குப் பிறகு இலக்கத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால், இரண்டு கமெராவின் படங்களை ஒரே கோப்புறையில் கொட்டும் ஸ்ரூடியோக்களில் ஒரே பெயர் இரண்டு படத்துக்கு வரும். கொட்டுமுன்னரே ஒவ்வொரு கமெராவுக்கும் ஒரு முன்னொட்டு வைத்துவிடுங்கள். வீடியோ எடிட் தொடங்கிய பிறகு பெயர் மாற்றவே வேண்டாம். எடிட் மென்பொருள் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

தமிழ்ப் பெயரின் உள்வீடு

தமிழில் கோப்புப் பெயர் வைக்கலாம், ஒரு தடையுமில்லை. ஆனால் கணினி எண்ணுவதும் நாங்கள் எண்ணுவதும் வேறு. யாழ்ப்பாணம் என்பது எங்களுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யுனிகோட்டில் அரவும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், ஆகவே கணினிக்கு அது 11. விண்டோஸில் கோப்புறைகளின் பெயரெல்லாம் சேர்ந்த முழுப் பாதைக்குப் பல மென்பொருட்கள் 260 குறி என்ற பழைய எல்லையையே இன்னும் பின்பற்றுகின்றன. நீண்ட தமிழ்ப் பெயர்க் கோப்புறைக்குள் கோப்புறை என்று வைத்தால் அந்த எல்லை விரைவில் வந்துவிடும்.

கொழும்பு என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு முழு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு கொம்பும் அரவும் பிரித்து இரண்டு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. கணினிக்கு இரண்டும் வேறு சொல். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த கோப்புகளில் "கொழும்பு" என்று தேடி மாற்றும் விதி ஒன்றையும் பிடிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய தலையிடி பாமினி. எங்கள் ஊர்களில் பல வருடம் மலர்களும் அழைப்பிதழ்களும் பாமினி எழுத்துருவில்தான் தட்டப்பட்டன. பாமினியில் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்து. எழுத்துரு அதைத் தமிழ் வடிவமாக வரைந்து காட்டும். கோப்புப் பெயருக்கு அந்த எழுத்துரு கிடையாது. யாழ்ப்பாணம் என்று எண்ணித் தட்டியது பெயரில் ஏ, எச், ஓ, செமிகோலன், ஜி, செமிகோலன், ஜி, எச், ஸெட், கே, செமிகோலன் என்று நிற்கும். திரை வாசிப்பானும் அதைத்தான் வாசிக்கும், பாவம். ஈ என்ற எழுத்து பாமினியில் 'சிறியது' குறியில் இருக்கிறது, அது விலக்கப்பட்ட குறி. ஆகவே ஈ-யில் தொடங்கும் பெயரைப் பாமினியில் வைக்கவே முடிந்திருக்காது.

இவற்றை யுனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் உண்டு. பெயர்ப் பட்டியலை அப்படியே மாற்றியில் போட்டுவிடாதீர்கள். ஜே, பி, ஜி என்ற நீட்சியையும் தமிழென்று நினைத்து 'திப' என்று மாற்றித் தரும். முந்நூறு படமும் 'திப' ஆகிவிட்டால் ஒன்றும் திறக்காது. நீட்சியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுங்கள், பிறகு பூட்டுங்கள்.

பலகை இல்லாத பஸ்

இனி அணுகத்தக்கது என்ற சொல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பலகையை வாசிக்க முடியாத ஒருவருக்கு, "நெல்லியடி, பருத்தித்துறை" என்று நடத்துநர் கூப்பிடும் குரல்தான் பலகை. பஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் நடத்துநர் வாய் திறக்காவிட்டால் அவர் ஏறமுடியாது. பஸ்ஸின் பக்கத்தில் வல்லிபுரக் கோயில் படத்தை வடிவாக வரைந்து வைத்தாலும் பிரயோசனமில்லை.

திரையில் உள்ளதைக் குரலாகவோ பிரெயில் எழுத்தாகவோ தரும் மென்பொருளைத் திரை வாசிப்பான் என்கிறோம். இலவசமான என்விடிஏ, காசு கொடுத்து வாங்கும் ஜோஸ், விண்டோஸோடு வரும் நரேட்டர் ஆகியவை எங்களிடையே புழங்குபவை. திரை வாசிப்பான் கண்ணைப்போலத் திரையைப் பார்த்து வாசிப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். அது மற்ற மென்பொருளிடம் கேட்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் தன்னிடமுள்ள பொத்தான், பெட்டி, பட்டியல் ஒவ்வொன்றையும் பற்றி மூன்று செய்தி சொல்லவேண்டும்: பெயர் என்ன, என்ன வகை, இப்போது என்ன நிலை. "நீட்சியையும் மாற்று, தெரிவுப் பெட்டி, தெரியப்படவில்லை" என்று கேட்டால் மூன்றும் வந்துவிட்டன. வெறுமனே "பொத்தான்" என்று மட்டும் கேட்டால், எழுதியவர் படத்தை வரைந்துவிட்டுப் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்.

ஆகவே அணுகத்தக்க கருவி என்பது விழிப்புலனற்றோருக்கென்று தனியாகச் செய்த கருவி அல்ல. சாதாரணக் கருவிதான், கேட்டால் வாய் திறந்து பதில் சொல்லும் கருவி. கை சரியாக இயங்காமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவருக்கும் இதே குணம்தான் உதவும்.

ஐந்து நிமிடச் சோதனை

அடுத்தவர் சொல்லும் தீர்ப்பைவிட இந்தச் சோதனை நம்பகமானது, ஏனென்றால் மென்பொருளின் பதிப்பு மாற அதன் வாயும் மாறும். ஒரு கோப்புறையில் பத்துக் குப்பைக் கோப்புகளைக் கொப்பி பண்ணிக்கொள்ளுங்கள். கருவியைத் திறந்து டாப் விசையை மட்டும் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறீர்களா, நடுவில் எங்காவது சிக்கிக்கொள்கிறீர்களா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர் கேட்கிறதா? எத்தனை நிறுத்தம் என்றும் எண்ணுங்கள். கண்ணுக்கு ஒரே திரையில் எல்லாம் இருப்பது வசதி. காதுக்கு அது அறுபது நிறுத்தமுள்ள பஸ் பயணம்.

பிறகு உண்மையான சோதனை. ஒரு விதியைக் கொடுத்து, முன்னோட்டப் பட்டியலுக்குப் போய் அம்புக்குறியால் இறங்குங்கள். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் கேட்கவேண்டும். பழையது மட்டும் கேட்டால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள், மற்றப் பொத்தானெல்லாம் எவ்வளவு வடிவாகக் கதைத்தாலும். முன்னோட்டத்தைக் கேட்கமுடியாத கருவியில் வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு முத்திரை குத்துவதுதான்; அதை அணுகத்தக்கது என்று சொல்லக்கூடாது. கடைசியாக, மாற்றிவிட்டுக் கன்ட்ரோல்-ஸெட் தட்டுங்கள். பழைய பெயர்கள் திரும்ப வருகின்றனவா?

இதற்குமுன் என்விடிஏயில் ஒரு அமைப்பைத் திருத்தவேண்டும். நிறுத்தற்குறிகளை எவ்வளவு வாசிப்பது என்ற அளவு வழமையாகக் குறைவாக இருக்கும். என்விடிஏயோடு பி விசையைத் தட்டித் தட்டி "எல்லாம்" என்ற அளவுக்கு வையுங்கள். இல்லையென்றால் பெயரிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் காதில் விழாமலே போகலாம். இரட்டை இடைவெளி அப்போதும் கேட்காது. அதற்குக் குறி குறியாகத்தான் நகரவேண்டும். குரலுக்குத் தமிழ் தெரிந்திருப்பதும் அவசியம். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் தமிழ் வாசிக்கும். விண்டோஸுக்கு வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரலும் உண்டு.

இதுவரை: திரை வாசிப்பான் கேட்டுத்தான் சொல்கிறது. பெயர், வகை, நிலை மூன்றையும் சொல்லும் கருவி அணுகத்தக்கது. முன்னோட்டம் காதில் விழவேண்டும்.

கையிலிருக்கும் கருவிகள்

எக்ஸ்புளோரரே முதற்கருவி. பல கோப்புகளைத் தெரிந்து எப்2 தட்டி ஒரு பெயர் எழுதி என்ரர் அடித்தால், எல்லாவற்றுக்கும் அதே பெயரோடு அடைப்புக்குள் 1, 2, 3 என்று இலக்கம் விழும். முழுதும் காதில் கேட்கும், கன்ட்ரோல்-ஸெட்டும் வேலை செய்யும். முன்னோட்டம் கிடையாது, முன்னால் பூச்சியமும் போடாது. அதனால் நல்லூர்க் குழப்பம் வந்து சேரும். பத்து இருபது கோப்புக்கு ஒவ்வொன்றாக வேறு வேறு பெயர் வைக்க ஒரு நல்ல வழி: எப்2 தட்டிப் பெயரை எழுதி, என்ரருக்குப் பதில் டாப் தட்டினால் அது சேமித்துவிட்டு அடுத்த கோப்பின் பெயரைத் திருத்தத் திறந்து தரும்.

மைக்ரோசொப்டின் இலவசப் பவர்டோய்ஸ் தொகுப்பில் பவர்ரீநேம் என்று ஒன்று உண்டு. கோப்புகளைத் தெரிந்து ஷிஃப்ட்-எப்10 தட்டினால் வரும் மெனுவில் அது இருக்கும். தேடு பெட்டி, மாற்று பெட்டி, பெயருக்கு மட்டுமா நீட்சிக்குமா என்ற தெரிவு, பழையதும் புதியதும் காட்டும் பட்டியல் எல்லாம் உண்டு. செய்ததைத் திருப்பவும் முடியும். ஒரு சொல்லை இன்னொன்றால் மாற்றும் வேலைக்கு இதற்குமேல் தேடத் தேவையில்லை. பல்க் ரீநேம் யூட்டிலிட்டி போன்றவற்றின் பலம் பெரியது, ஆனால் பத்துக்கு மேற்பட்ட பகுதிகளை ஒரே திரையில் அடுக்கி வைத்திருப்பார்கள். சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். மேக்கில் 2014இல் வந்த யோசெமிட்டி தொட்டு ஃபைண்டரிலேயே பல கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது.

பட்டியல் வழி

எல்லாக் கருவியும் கைவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. எங்கள் எண்ணத்தில் காதால் செய்பவருக்கு முதலாவது வழியே அதுதான். கோப்புப் பெயர்களை எழுத்தாக வெளியே எடுத்து, எக்செல்லில் வைத்துப் புதுப் பெயர் செய்து, கட்டளையாக்கித் திருப்பிக் கொடுப்பது. எல்லாமே வெறும் எழுத்து. எழுத்தை வாசிப்பதில் திரை வாசிப்பானுக்கு ஒரு குறையும் இல்லை. கீழே கட்டளைகளை ஒலிக்கும்படி தமிழில் தருகிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கோப்புறையை அப்படியே இன்னொரு இடத்துக்குக் கொப்பி பண்ணி வையுங்கள். பிறகு கோப்புறைக்குள் நின்று ஆல்ட்-டி தட்டினால் முகவரிப் பட்டைக்குப் போவீர்கள். அங்கே சி, எம், டி என்று எழுதி என்ரர். கட்டளைத் திரை அந்தக் கோப்புறையிலேயே திறக்கும். முதற்கட்டளை: சி, எச், சி, பி, இடைவெளி, 65001. இதை மறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வரும். அந்த இலக்கம் யுனிகோட்டில் எழுது என்ற உத்தரவு. அடுத்தது: டி, ஐ, ஆர், இடைவெளி, முன்சாய்கோடு, பி, இடைவெளி, 'பெரியது' குறி, இடைவெளி, பட்டியலுக்கு ஒரு பெயர் புள்ளி டி, எக்ஸ், டி. அந்தப் பட்டியலை நோட்பேட்டில் திறந்து எல்லாவற்றையும் கொப்பி பண்ணி எக்செல்லில் ஏ1 கலத்தில் ஒட்டுங்கள். பட்டியல் கோப்பின் பெயரே பட்டியலுக்குள் ஒரு வரியாக வந்திருக்கும். உள்ளே கோப்புறைகள் இருந்தால் அவையும் வரும். அந்த வரிகளை அழியுங்கள்.

பி1இல் புதுப் பெயர். ஏழாம் திருவிழாப் படங்களுக்கு இப்படி:

="நல்லூர்-2024-நாள்-07-"&டெக்ஸ்ட்(ரோ(),"000")&".ஜேபிஜி"

ரோ என்பது வரிசை இலக்கம், மூன்று பூச்சியம் அதை 001 ஆக்குகிறது. கடைசி வரி வரைக்கும் கீழே நிரப்புங்கள். சி1இல் கட்டளை:

="ரென் "&சார்(34)&ஏ1&சார்(34)&" "&சார்(34)&பி1&சார்(34)

ரென் என்பது ஆர், ஈ, என். சார் என்பது சி, எச், ஏ, ஆர். 34 என்பது இரட்டை மேற்கோள் குறியின் இலக்கம். பெயருக்குள் இடைவெளி இருந்தால், மேற்கோள் இல்லாமல் கட்டளை அதை இரண்டு பெயராக எண்ணிவிடும்.

இனி முன்னோட்டம். பட்டியலில் 312 வரி இருக்கிறது என்று வைப்போம். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்பது நடக்கிற காரியமல்ல, காது அலுத்துவிடும். அலுத்த காது பிழையை விட்டுவிடும். 312 வரியை ஒரு இலக்கமாகச் சுருக்கிக் கேளுங்கள். டி1இல் கவுண்ட்இஃப் சூத்திரத்தால் பி நிரலில் பி1 எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் செய்து கீழே நிரப்புங்கள். தள்ளி வேறொரு கலத்தில் டி நிரலின் மேக்ஸ். அது 1 என்று கேட்டால் ஒரு பெயரும் இரட்டிக்கவில்லை. 2 என்று கேட்டால் எங்கோ இரண்டு கோப்புக்கு ஒரே பெயர். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவுண்ட்இஃப் பார்க்காது, விண்டோஸும் கோப்புப் பெயரில் பார்க்காது; ஆகவே இரண்டும் ஒத்துப்போகும். பிறகு முதலாவது, நடுவில் ஒன்று, கடைசி ஆகிய மூன்று வரியை மட்டும் எழுத்தெழுத்தாகக் கேளுங்கள்.

எல்லாம் சரியென்றால் சி நிரலைக் கொப்பி பண்ணி நோட்பேட்டில் ஒட்டுங்கள். முதல் வரியாக அதே 65001 கட்டளை, கடைசி வரியாகப் போஸ், அதாவது பி, ஏ, யூ, எஸ், ஈ. போஸ் இல்லாவிட்டால் திரை உடனே மூடிவிடும், பிழைச் செய்தி கேட்காது. சேமிக்கும்போது வகையில் எல்லாக் கோப்புகளும் என்று தெரிந்து, நீட்சி பி, ஏ, டி என்று வையுங்கள். குறியீடு யூடிஎப்-8, அதன் பக்கத்திலேயே பொம் என்ற சொல்லோடு இன்னொன்று இருக்கும், அதைத் தெரிந்தால் முதல் வரி பிழைக்கும். படங்கள் உள்ள கோப்புறைக்குள் அதை வைத்து என்ரர் அடியுங்கள். பெயரில் நூற்றுவீதக் குறி உள்ள கோப்பு இருந்தால் அதை மட்டும் கையால் மாற்றுங்கள். இந்த வகைக் கோப்புக்குள் அந்தக் குறிக்கு வேறு பொருள்.

எது பிழைக்கும், எப்படித் திருப்புவது

ரென் சரியாக முடிந்தால் ஒன்றும் சொல்லாது. பிழைத்தால் அந்தப் பெயரில் இன்னொரு கோப்பு இருக்கிறது அல்லது கோப்பைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லும். முதற்காரணம் பெரும்பாலும் இதுதான்: 001ஐ 002 ஆக்கச் சொல்லியிருப்பீர்கள், பழைய 002 அங்கேயே இருக்கும். நெரிசலான பெஞ்சில் ஒருவர் எழும்பாமல் மற்றவர் இருக்கமுடியாது. எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு தற்காலிகச் சொல்லை முன்னால் ஒட்டி எழுப்பிவிட்டு, இரண்டாம் சுற்றில் சரியான பெயரைக் கொடுங்கள். உடுக்குறியை வைத்து ஒரே ரென் கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நீட்சியை மாற்ற அது சரி. முன்னொட்டை மாற்றப் போனால் அது எழுத்துக்கு எழுத்து மேலெழுதும், நீளம் ஒத்துவராவிட்டால் பெயர் சிதையும்.

நடுவில் கரண்ட் நின்றால் பயப்படவேண்டாம். அதே கோப்பை மறுபடி ஓட்டுங்கள். முடிந்தவை காணவில்லை என்று சொல்லிக்கொண்டு போகும், மிச்சம் மாறும்.

திருப்பும் கோப்பை ஓட்டிய பிறகு செய்வதல்ல, ஓட்டுமுன்னரே செய்து வைப்பது. சி நிரலின் சூத்திரத்தில் ஏ1 இருந்த இடத்தில் பி1, பி1 இருந்த இடத்தில் ஏ1. அதை ஈ நிரலில் போட்டு, இன்னொரு பி, ஏ, டி கோப்பாகத் 'திருப்பு' என்ற பெயரில் சேமியுங்கள். பத்துக் குப்பைக் கோப்பில் மாற்றி, திருப்பி, பழைய பெயரெல்லாம் வந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு 312இல் கை வையுங்கள்.